இருபதில் பதினேழு

ஆகுர்டியிலிருந்து லோக்கல் ரயிலில் ஏறினால் சிவாஜிநகர் ஆறாவது நிறுத்தம். சிஞ்ச்வட், பிம்ப்ரி, காசர்வாடி, தாபோடி, கட்கி, அப்புறம் ஆஸ்பத்திரி இருக்கிற சிவாஜிநகர். என் மகளுக்கு நான்கு வயது முடிவதற்குள் நாங்கள் மூவரும் அந்த வழியில் போக வரச் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு தடவை பயணம் செய்திருந்தோம். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மாடி ஏறினால் படிகளை எண்ணுவேன். சாப்பிட உட்கார்ந்தால் அப்பளத்தை எண்ணுவேன். தொண்ணூறுகளில் ஒரு வண்டித் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே எண்ணுவதும் அளப்பதும்தான் வேலை. வீட்டில் அதையே செய்தால் வியாதி என்றாள் என் மனைவி.

மகள் பிறந்தபோது எடை நான்கு கிலோ முந்நூறு கிராம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து உண்டான குழந்தை. மனைவிக்குச் சர்க்கரையும் இருந்தது. தலை வெளியே வந்தபிறகு தோள் மாட்டிக்கொண்டது. இழுத்தார்கள். இழுக்காமல் விட்டிருந்தால் குழந்தையே தங்கியிருக்காது என்று பிற்பாடு மூன்று டாக்டர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்றாவது ஆளும் சொன்ன பிறகுதான் நம்பினேன். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அந்த இழுப்பில் நைந்துவிட்டன. இடக்கை முஷ்டி பிடித்து ஆடியது. வலக்கை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை பின்பக்கம் பார்க்க, யாரோ கழற்றி வைத்த சட்டைக்கை போலக் கிடந்தது.

ஐந்தாம் மாதம் முழங்கை மடங்கியது. அதனால் நரம்பு ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். விரல்கள் நன்றாகவே பிடித்தன. தோள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. கையைத் தூக்கினால் தோளும் சேர்ந்து காதை நோக்கி ஏறும். வாய்க்குக் கொண்டுபோனால் முழங்கை பக்கவாட்டில் உயரும். பிடரியைத் தொட முடியாது.

தினம் மூன்று வேளை பயிற்சி. தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையை வெளிப்பக்கம் திருப்பிப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். என் மகள் தமிழில் எண்ணக் கற்றது அப்படித்தான். வெளியே மராத்தி, பாலர் பள்ளியில் இந்தியும் இங்கிலீஷும், பயிற்சிப் பாயில் மட்டும் தமிழ். வலிக்கும்போது “ஒண்ணுரெண்டுமூணுநாலுபத்து!” என்று ஒரே மூச்சில் ஓட்டிவிடுவாள்.

“நடுவுல அஞ்சு காணோம்” என்பேன்.

“அது நேத்தே சொல்லிட்டேன்” என்பாள்.

பயிற்சியோடு நான் ஒரு சட்டமும் போட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எங்கள் ஊரில் குழந்தை உட்காரத் தொடங்கியதுமே போடும் சட்டம்தான். யார் எதைக் கொடுத்தாலும் சோத்துக்கையால் வாங்க வேண்டும். இடக்கை நீண்டால் என் மேஜையில் இருந்த ஆறு அங்குல எஃகு அளவுகோலால் அந்தக் கையில் ஒரு தட்டு. வலிக்காத தட்டுதான். “பீச்சாங்கையை எடு.” வலக்கை ஏறி, தோள் சாய்ந்து, உடம்பு முழுவதும் ஒருபக்கமாக வளைந்து வரும். பிஸ்கட்டை வாங்கும். மரியாதைக்கு மரியாதை, பயிற்சிக்குப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை தடவை தட்டினேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

நான்கு வயதானபோது அறுவை டாக்டர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. முதுகுப்பக்கத் தசை ஒன்றை எடுத்துத் தோளில் மாற்றிக் கட்டும் ஆபரேஷன். கை வெளிப்பக்கம் திரும்ப அது உதவும். சின்ன வயதிலேயே செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் தோள் மூட்டே கோணலாக வளர்ந்துவிடும், அதன்பிறகு தசையை மாற்றிப் பலனில்லை. அவசியமில்லாமல் செய்வதும் தப்பு. ஐந்து அசைவுகள் செய்யச் சொன்னார்: பக்கவாட்டில் தூக்குவது, வெளிப்பக்கம் திருப்புவது, பிடரி, முதுகு, வாய். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். மொத்தம் இருபத்தைந்துக்குப் பதினான்கு வந்தது.

“பதினாலுன்னா பாஸா, ஃபெயிலா?” என்றேன்.

“நடுவுல நிக்குது” என்றார். “கை எவ்வளவு தூரம் போகும்னு பார்த்தாச்சு. யாரும் சொல்லாம அதுவா போகுதான்னு இனிமே பார்க்கணும். தானா உபயோகிச்சா ஒரு வருஷம் பொறுக்கலாம். உபயோகிக்கலைன்னா பொறுக்கக் கூடாது.”

அதைப் பார்க்க வேண்டியவர் தெரபிஸ்ட். கைப்பயிற்சிப் பிரிவில் இருந்த மராத்திப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைக் காகா, அதாவது சித்தப்பா என்பார், மகள் அவரை மாவ்ஷி, சித்தி என்பாள். இந்தியில்தான் பேசிக்கொள்வோம். இருபது விளையாட்டுச் சாமான் வைத்திருந்தார். திருகுமூடி போட்ட புட்டி, கோக்க மணியும் கயிறும், சாவி கொடுக்கிற கார், மூடியுள்ள டப்பா, காகிதமும் கத்தரியும், இப்படி. எல்லாமே இரண்டு கை கேட்கிறவை. வலக்கை தானாக வந்து வேலையில் சேர்ந்தால் ஒரு புள்ளி.

நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் புட்டியை நீட்டினார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வலக்கை கிளம்பியது, தோள் ஏறியது, வாங்கியது. புட்டி வலக்கையில் இருந்தது. இடக்கை மூடியைத் திருகியது. ஒரு புள்ளி. காரை நீட்டினார். வலக்கை வாங்கிப் பிடித்துக்கொள்ள, இடக்கை சாவி கொடுத்தது. இரண்டு. நான் விரல் மடக்கிக்கொண்டே வந்தேன். இரண்டு கை விரல் போதாமல் செருப்புக்குள் கால்விரலை மடக்கினேன்.

“பதினேழு, காகா!” என்றார் தெரபிஸ்ட். “நான் எட்டு, ஒன்பதுன்னு நினைச்சேன். வீட்ல யார் வேலை வாங்கறது?”

“நான்தான்” என்றேன்.

அந்தத் தாளைப் பார்த்து அறுவை டாக்டர், “ஒரு வருஷம் பொறுக்கலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் ரயிலில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். தாபோடிக்குள் மூன்று முறை அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டேன். மனைவி ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் நிக்டியில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். சின்னப் பிள்ளைகளின் கைகளை நாள் முழுவதும் பார்க்கிறவள்.

“என்ன, வாயே திறக்க மாட்டேங்கற?”

“பதினேழு வாங்கினது அவ இல்ல. நீங்க.”

“என்னது?”

“நீட்டினா சோத்துக்கையில வாங்கறா. நீங்க அடிச்சு அடிச்சுப் பழக்கினது அது. அந்தம்மா இருபதையும் அவ கையிலயே கொடுத்துட்டாங்க. வலது கைக்குள்ள போய்ட்டா அது பிடிச்சுக்கும், அவ்வளவுதானே. கீழ கிடக்கிறதை அவ எந்தக் கையால எடுக்கறான்னு என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?”

“பார்க்காமலா? எல்லாத்துக்கும் என்கிட்ட கணக்கு இருக்கு.”

“நீங்க கொடுத்ததுக்கு இருக்கு. கொடுக்காததுக்கு இருக்கா? பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாளைக் கொடுத்துட்டுப் பிள்ளை நல்ல மார்க்குன்னு சொன்னா எங்க ஸ்கூல்ல சும்மா விடமாட்டாங்க.”

மகள் எங்கள் நடுவில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு பென்சில் இருந்தது. உருண்டு கீழே விழுந்தது. இடக்கையால் எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் நாற்பது சாமான்களைப் பரப்பினேன். ஸ்பூன், க்ளிப், மூடி போட்ட மாத்திரை டப்பா, மிட்டாய், நட்டு, போல்ட்டு. “என்ன வேணும்னாலும் எடுத்து விளையாடு” என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். மிட்டாயை இடக்கையால் எடுத்துப் பல்லால் காகிதத்தைக் கிழித்தாள். டப்பாவைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி இடக்கையால் மூடியைத் திருகினாள். வலக்கை மடியில் கிடந்தது. அது அவளுடையதே இல்லை போலக் கிடந்தது. நாற்பதில் இரண்டு தடவை மட்டும் வந்தது. இரண்டில் ஒன்று, மூக்கைச் சொறிய.

செய்தித்தாளை இறக்கிவிட்டு ஒரு ஸ்பூனை எடுத்து அவளிடம் நீட்டினேன். உடனே வலக்கை தோளை இழுத்துக்கொண்டு வந்தது. வாங்கிவிட்டு என் மேஜைப் பக்கம் பார்த்தாள். அளவுகோல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

அந்தச் செய்தித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆபரேஷன். நான்கு வயதுக் குழந்தையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து முதுகைக் கீறுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு வருடம் நிம்மதி. பதினேழும் நான் எழுதியதில்லை, அவர்களாகப் போட்டது. இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். பத்தொன்பது அடி போக, பத்தொன்பது அடி வர. மனைவி கேட்டாள், “கோடு போட்டீங்களே, எத்தனை?” “இன்னும் கூட்டலை” என்றேன். இரண்டைக் கூட்ட என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் ஒரு தட்டு நிறைய புஷ், அதாவது அச்சில் மாட்டும் எஃகு வளையங்கள், சோதனைக்கு வந்தன. வழக்கம்போல அடி வரிசையிலிருந்து ஐந்து எடுத்தேன். மூன்று அளவு தப்பியிருந்தன. மேல் வரிசையில் பொறுக்கி எடுத்த நல்ல பீஸ்களாக அடுக்கியிருந்தார்கள். இது எல்லா ஷிஃப்டிலும் நடப்பதுதான். கொண்டுவந்த ஆபரேட்டர் சாங்லிக்காரர், என் வயசு. திட்டப்போகிறேன் என்று தயாராக நின்றார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன சாஹேப், உடம்பு சரியில்லையா?”

“மேல நல்லதா அடுக்கினா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

“உங்களுக்குத் தெரியும்னு தெரியும் சாஹேப். ஒருநாளாவது ஏமாற மாட்டீங்களான்னுதான்” என்று சிரித்தார். “வண்டி நடுரோட்டுல பழுதாகி நின்னா ஓட்டறவன் நம்ம முகத்தையா பார்க்கப்போறான்?”

அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நேரே ரயிலேறினேன். ஆறு நிறுத்தங்களில் இரண்டு முறை இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். கட்கியில் வாசல்வரை போய்விட்டேன்.

தெரபிஸ்ட் ஒரு பையனின் கட்டைவிரலுக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றேன். செய்தித்தாளைப் பிரித்து மேஜையில் வைத்தேன். ஓரத்தில் நாற்பது கோடு, இரண்டுக்கு மட்டும் வட்டம்.

“இது என்ன, காகா?”

சொன்னேன். அளவுகோலையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் தரையில் டைல்ஸை எண்ணினேன். அகலத்தில் பதினொன்று.

அவர் குரல் உயர்ந்தது. “நான் பார்க்கறது அவ கையை. உங்க பயத்தை இல்ல. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? பெரிய டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு வருஷம் கழிச்சு மூட்டு கோணிப்போய் வந்திருந்தா யாரைக் கேக்கறது?”

“என்னைத்தான்.”

“உங்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்? கை அவளோடது.”

அவர் அந்தக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பதும் எண்ணினார். அது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இருபதையும் நான்தான் அவ கையில கொடுத்தேன்” என்றார், இப்போது மெதுவாக. “சாமானைத் தூக்கி மேஜையில போட்டா எங்க அம்மாவும் திட்டுவாங்க. கையில கொடு, வலது கையில வாங்குன்னு. எங்க வீட்லயும் இதேதான். அதனால எனக்கும் கண்ணுல படலை. நாளைக்கு அழைச்சிட்டு வாங்க. நீங்க உள்ள வரக்கூடாது.”

மறுநாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பொய், நடந்தேன். கதவுக்கு அந்தப்பக்கம் அவர் இருபது சாமானையும் முன்பே மேஜையில் பரப்பிவிட்டு, எதையும் நீட்டாமல், தானும் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு விளையாடினாராம். மனைவி உள்ளே இருந்தாள். முக்கால் மணி கழித்து வெளியே வந்து மூன்று விரல் காட்டினாள்.

“மூணு பேரா?” என்றேன். நிஜமாகவே புரியவில்லை.

“மூணு மார்க்கு.”

அறுவை டாக்டர் பழைய தாளில் தான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. அந்த மூன்றரை மணி நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன். பிறகு ஆறு வாரம் மாவுக்கட்டு. கை பக்கவாட்டில் உயர்ந்து, முழங்கை மடங்கி, வண்டிகளை நிறுத்தச் சொல்கிற போலீஸ்காரர் மாதிரி. காலனியில் எல்லாரும் அவளுக்கு சல்யூட் அடித்தார்கள். கதவுகளில் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் நுழைந்தாள். எங்கள் வீட்டில் கதவு ஐந்து.

கட்டு பிரித்த பிறகு தெரபிஸ்ட் எனக்குத் தனியாக ஒரு பயிற்சி கொடுத்தார். நான் மகளிடம் எதையும் கையில் கொடுக்கக் கூடாது. வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வைக்கிற சாமான் இரண்டு கை இல்லாமல் திறக்காததாக இருக்க வேண்டும். இடக்கையால் எடுத்தால் எடுக்கட்டும். வாயைத் திறக்கக் கூடாது. தசை வந்துவிட்டது, ஆனால் அந்தக் கை இருக்கிறது என்று குழந்தைக்கே தெரிய வேண்டும், அடித்துச் சொன்னால் தெரியாது என்றார்.

என் ஆயுளில் நான் செய்த கடினமான வேலை அதுதான். தட்டைத் தரையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் திரும்பி நின்றுகொள்வேன். காது முழுவதும் பின்பக்கம் இருக்கும். வந்திருந்த விருந்தாளிகளிடம் மகள் இடக்கையை நீட்டுவாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். எஃகு அளவுகோலைத் தொழிற்சாலை டிராயரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பயிற்சிப் பாயில் இப்போது அவள் ஒன்றிலிருந்து பத்துவரை ஒழுங்காக எண்ணினாள், ஐந்து உட்பட. நான்தான் அவசரப்பட்டேன்.

கட்டு பிரித்து ஏழாவது மாதம் மறுபடி சோதனை. அப்போது புது வருடத்தோடு நூற்றாண்டும் மாறியிருந்தது. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். நான் வராந்தாவில். தெரபிஸ்ட் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எட்டு” என்றார்.

“பதினேழு இருந்தது” என்று வாயில் வந்துவிட்டது.

“காகா!”

“இல்ல, மூணு இருந்தது” என்றேன். “மூணுலேர்ந்து எட்டு. அப்ப மீதி பன்னிரண்டு என்ன ஆச்சு? அதுல எது முக்கியம்? எத்தனை மாசத்துல…”

“மேடம், நீங்க உள்ள போங்க. இவருக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சா இன்னிக்கு வேற பேஷண்ட் பார்க்க முடியாது” என்றாள் என் மனைவி. தெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். எட்டு நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பும் லோக்கலில் கூட்டம் குறைவு. எதிர் சீட்டில் ஒன்பது கஜம் புடவை கட்டிய வயதான அம்மாள் ஒருவர், லோணாவளா சிக்கியைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். கடலை மிட்டாய்ப் பாளம். நகத்தால் கீறி ஒரு பெரிய துண்டை உடைத்து மகளிடம் நீட்டினார். மகள் இடக்கையை நீட்டினாள்.

“உஜவ்யா ஹாத்தானே கே, பாளா” என்றார். வலது கையால் வாங்கு கண்ணு என்று அர்த்தம். எத்தனையோ ஆயிரம் தடவை நான் சொன்னது, மராத்தியில். என் உதடு தானாகவே அசையத் தொடங்கியது. மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். ஏழு கம்பி.

“பரவால்ல ஆஜி, அவ இந்தக் கையாலயே வாங்கட்டும்” என்று மனைவி சமாளித்தாள். அந்த அம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பெற்றோர்கள் என்பதுபோல், இன்னொரு துண்டையும் காகிதத்தில் வைத்து மகள் மடியில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் சிக்கியைக் கடித்தாள். கெட்டி. பல்லுக்கு அடங்கவில்லை. வேறு பக்கம் கடித்தாள். தொடைக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள், கவுனில் ஒட்டியது. பிறகு வெளியே எதையோ பார்த்துக்கொண்டே, யோசிக்காமல், வலக்கையைக் கொண்டுவந்து சிக்கியின் மறுமுனையைப் பிடித்தாள். தோள் கொஞ்சம்தான் ஏறியது. இரண்டு கையாலும் வளைத்தாள். பட்டென்று உடைந்தது.

நான் மனைவியின் முழங்கையைப் பிடித்தேன். “பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“தானாத்தானே வந்தது? நீ ஒண்ணும் ஜாடை காட்டலையே?”

“நான் தூங்கி வழியறேன். எனக்கென்ன ஜாடை.”

மகள் பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டு சின்னதை எனக்கு நீட்டினாள். இடக்கையால். வாங்கிக்கொண்டேன். ரயில் காசர்வாடியில் நின்றது. சிக்கி விற்கிறவன் கூடையோடு பக்கத்துப் பெட்டியில் ஏறுவது தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

“எங்க போறீங்க?”

“இன்னொரு பாக்கெட் வாங்கிட்டு வரேன். ஒரு தடவை தற்செயலாக்கூட நடந்திருக்கலாம். குறைஞ்சது அஞ்சு தடவையாவது பார்க்கணும்.”

“வண்டி கிளம்புது, பேசாம உக்காருங்க.”

“ரெண்டு தடவை.”

“உக்காருங்கன்னா.”

உட்கார்ந்தேன். பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி. இன்னும் மூன்று நிறுத்தம். மகள் மடியில் அந்த அம்மாள் கொடுத்த காகிதம் கிடந்தது. அதில் இன்னொரு துண்டு இருந்தது, உடைக்காமல். அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.